74 டிகிரியில் இறக்கிவிட்ட பிரிஸ்கெட்

நீங்கள் கேட்டது இதுதான். ஐந்தரை கிலோவில் முழு பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி வாங்கி, 22 அங்குல கெட்டில் கிரில்லில் (மூடியுள்ள உருண்டைக் கரி அடுப்பில்) காலை ஏழு மணிக்கு வைத்திருக்கிறீர்கள். நண்பகல்வரை உள்சூடு நன்றாக ஏறியிருக்கிறது. 67 டிகிரி செல்சியஸ் வந்ததும் நின்றுவிட்டது, நான்கு மணிநேரம் அசையவில்லை. பயந்துபோய்க் கரியைக் கூட்டினீர்கள். மாட்டிறைச்சிக்கு 71 டிகிரி போதும் என்று எங்கோ படித்த நினைவில் 74 வந்ததும் இறக்கினீர்கள். விருந்தினர் காத்திருந்ததால் உடனே நறுக்கினீர்கள். பலகையெல்லாம் சாறு ஓடியது, துண்டுகளோ காய்ந்து, மெல்ல முடியாமல் இருந்தன. "அதிகமாக வெந்துவிட்டதா? அடுத்த மாதம் பன்னிரண்டு பேருக்கு மறுபடியும் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது?" என்கிறீர்கள்.

அதிகமாக வேகவில்லை. உங்கள் பிரிஸ்கெட் பாதிதான் வெந்திருந்தது. காய்ந்துபோன இறைச்சியைப் பார்த்தால் யாருக்கும் "ரொம்ப நேரம் வைத்துவிட்டோம்" என்றுதான் தோன்றும். கோழி நெஞ்சுக்கறிக்கு அது சரி. பிரிஸ்கெட்டுக்குப் பெரும்பாலும் நேர்மாறு. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே சுலபம் என்பதால் முதலில் இதையே விளக்கிவிடுகிறேன்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் நெஞ்சுக்கறி. மாட்டுக்கு நம்மைப் போலக் காறை எலும்பு கிடையாது. உடல் எடையில் பாதிக்கு மேல் முன்பக்கம்தான் இறங்குகிறது, அதைத் தாங்குவதில் இந்தத் தசைகளுக்குப் பெரிய பங்கு. நாள் முழுக்க உழைக்கிற தசை என்பதால் நார்களுக்கு நடுவே கொலாஜன் என்கிற கெட்டியான சவ்வுப் பொருள் நிறைய. அந்தக் கொலாஜன் வெந்து கரைந்தால் ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதடு ஒட்டுமே, அதே பிசுபிசுப்புதான். பிரிஸ்கெட்டை மெத்தென்று ஆக்குவதும், சாறு ஊறினதுபோல வாயில் தெரியச் செய்வதும் இந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும்தான்.

இப்போது சூட்டைப் பாருங்கள். 60 டிகிரி தாண்டும்போது தசை நார்கள் சுருங்கி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோலத் தங்களுக்குள் இருக்கும் நீரை வெளியே தள்ளுகின்றன. 70 டிகிரியை நெருங்கும்போது பிழிய வேண்டியதில் பெரும்பகுதியைப் பிழிந்து முடித்துவிடும். ஆனால் கொலாஜன் கரைவது 70 டிகிரி வாக்கில்தான் மெல்ல ஆரம்பிக்கிறது. 80க்கு மேல் வேகம் பிடிக்கும், அப்போதும் மணிக்கணக்கில் நேரம் கேட்கும். ஆக, 74 டிகிரியில் இறைச்சியிலிருந்து நீர் போய்விட்டது, அதை ஈடுகட்ட வேண்டிய ஜெலட்டின் இன்னும் வரவில்லை. முழுச் சமையலிலும் இதைவிட மோசமான ஒரு கட்டம் கிடையாது. அங்கேதான் இறக்கியிருக்கிறீர்கள். நீங்கள் படித்த 71 டிகிரி கொத்துக்கறிக்குக் கிருமி பயம் போவதற்கான அளவு. பாதுகாப்பாகச் சாப்பிடலாம் என்றுதான் அது சொல்கிறது, மெத்தென்று இருக்கும் என்று சொல்லவில்லை.

அப்புறம், அந்த நான்கு மணிநேரம். இதை டெக்சாஸில் 'ஸ்டால்' என்பார்கள். முதல்முறை பிரிஸ்கெட் வைக்கிற எல்லோரையும் கலங்கடிப்பது இதுதான். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ, நெருப்பு அணைந்துவிட்டதோ என்று தோன்றும். ரொம்ப நாள் வரை கொலாஜன் கரைவதற்குச் சூடு செலவாகிறது, அதனால் நிற்கிறது என்றுதான் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிரெக் பிளாண்டர் என்கிற இயற்பியலாளர் அது இல்லை என்று காட்டினார். ஈரமான ஸ்பாஞ்ச் ஒன்றையும் மாட்டுக் கொழுப்புக் கட்டி ஒன்றையும் சேர்த்துச் சூடேற்றிப் பார்த்தார். கொழுப்பு நிற்காமல் ஏறியது. ஸ்பாஞ்ச் பிரிஸ்கெட் மாதிரியே நடுவில் நின்றது. ஸ்பாஞ்சில் கொலாஜன் ஏது? இருப்பது தண்ணீர் மட்டும். இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். நெருப்பு கொடுக்கிற சூடும் ஆவி எடுத்துக்கொள்கிற சூடும் சமமாக இருக்கும்வரை உள்சூடு ஏறாது. மேற்பரப்பு காயக் காய ஆவியாவது குறையும், உள்சூடு மறுபடி நகரும்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் மேலே 'பார்க்' உருவாகிறது. கறுத்து, மொரமொரப்பாக, மிளகும் உப்பும் கொழுப்பும் புகையும் சேர்ந்து இறுகின மேலோடு அது. பிரிஸ்கெட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். ஸ்டாலைச் சீக்கிரம் கடக்க வேண்டுமென்றால் ஆவியாவதை நிறுத்த வேண்டும், அதாவது பொதிய வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு இது புத்தியில் ஏறியது டெக்சாஸ் வந்து மூன்றாவது வருடம், லாக்ஹார்ட்டில். ஆஸ்டினுக்குத் தெற்கே அரைமணி நேரம் போனால் வரும் சின்ன ஊர். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் விற்காமல் மீந்த இறைச்சியைப் புகையில் வேகவைத்து, கடைத் தாளில் பொதிந்து விற்றதிலிருந்து வளர்ந்தது மத்திய டெக்சாஸ் பார்பிக்யூ. லாக்ஹார்ட்டில் க்ரூஸ் மார்க்கெட் என்கிற கடை 1900லிருந்து, பிளாக்ஸ் என்கிற கடை 1932லிருந்து நடக்கின்றன. அந்தக் காலத்தில் முன்கால் பக்கம் முழுவதையும் அப்படியே வேகவைப்பார்கள். பிரிஸ்கெட்டைத் தனித் துண்டாக வாங்கிச் சமைப்பது பரவலானதே, 1960களின் பிற்பகுதியில் பெரிய இறைச்சி நிறுவனங்கள் துண்டு பிரித்துப் பெட்டியில் அனுப்ப ஆரம்பித்த பிறகுதான்.

நான் போனது அதே ஊரில் ஸ்மிட்டிஸ் என்கிற கடைக்கு. பின்வாசல் வழியாக நுழைந்தால் நாம் வரிசையில் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, தரையில், தடுப்புகூட இல்லாமல் ஓக் கட்டைகள் எரிந்துகொண்டிருக்கும். செங்கல் அடுப்பின் நீளமான வயிற்றுக்குள் அந்தச் சூடும் புகையும் இழுபட்டுப் போகும். சுவரெல்லாம் கரி பூசியதுபோல இருக்கும். வெட்டுகிறவர் இரும்பு மூடியைத் தூக்கி, ஒரு பிரிஸ்கெட்டை முள்கரண்டியால் தொட்டார், குத்தக்கூட இல்லை. அது அசைந்த விதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டார். அடுத்ததைத் தொட்டார். அது கூழ் கட்டினதுபோல முழுதாகக் குலுங்கியது. அதை எடுத்து வெட்டினார். கையில் தெர்மாமீட்டர் இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு நானும் உங்களைப் போலவே 75 டிகிரியில் இறக்கி, விருந்தாளிகள் பேசாமல் மென்றுகொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். அந்த இரண்டு பிரிஸ்கெட்டுக்கும் இருந்த வித்தியாசம்தான் எனக்குப் பாடம்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

வாங்கும்போது முழு 'பேக்கர்' பிரிஸ்கெட்டாகவே வாங்குங்கள். அதில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். தட்டையாக, கொழுப்புக் குறைவாக இருப்பது 'பிளாட்'. தடித்து, கொழுப்பு வரியோடிப் போயிருப்பது 'பாயின்ட்'. சூப்பர்மார்க்கெட்டில் பிளாட்டை மட்டும் ஒன்றரை, இரண்டு கிலோவாக விற்பார்கள், விலையும் வசதியாகத் தெரியும். புதிதாகச் செய்கிறவர் அதைத் தொடவே வேண்டாம். மேலே காக்கக் கொழுப்பு இல்லாமல் மெலிந்த தசை அது, தப்பு செய்ய இடமே தராது. அமெரிக்கத் தர முத்திரையில் 'சாய்ஸ்' போதும், 'பிரைம்' கிடைத்தால் நல்லது, 'செலக்ட்' வேண்டாம். பிளாட்டின் முனை எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். ஒரு முனை விரல் கனத்துக்கு மெலிந்திருந்தால் அந்த முனை கருகித்தான் போகும்.

கொழுப்பை வெட்டும்போது இறைச்சி ஃபிரிட்ஜிலிருந்து வந்த குளிர்ச்சியோடு இருக்கட்டும். இளகிவிட்டால் கத்தி வழுக்கும். மேலிருக்கும் கொழுப்புப் படலத்தைக் கால் அங்குலம் விட்டு மீதியைச் சீவுங்கள். பாயின்ட்டுக்கும் பிளாட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் மெழுகுக்கட்டி மாதிரி கெட்டியான கொழுப்பு இருக்கும். எத்தனை மணிநேரம் வைத்தாலும் அது உருகாது, தோண்டி எடுத்துவிடுங்கள். தொங்குகிற ஓரங்களையும் மெலிந்த முனையையும் வெட்டி வளைவாக ஆக்குங்கள். ஒரு கிலோ வரை கழிவு போகும், மனசு கேட்காது. வெட்டின கறியைக் கொத்திக் கொள்ளலாம், கொழுப்பை உருக்கி வைத்துக்கொள்ளலாம்.

மசாலா விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் வீட்டுக் கை உடனே இஞ்சி பூண்டு விழுதைத் தேடும். முதல் இரண்டு மூன்று தடவையாவது உப்பும் மிளகும் மட்டும் போடுங்கள். மத்திய டெக்சாஸில் அதுதான் வழக்கம், அதற்குக் காரணமும் இருக்கிறது. விழுது பூசினால் மேற்பரப்பு நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும், நல்ல பார்க் கட்டாது. கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் உப்பு, எடை போட்டே எடுங்கள். தூள் உப்பும் கல்லுப்பும் கரண்டிக் கணக்கில் ஒன்றாகாது. உப்பை முந்தைய நாளே தடவி ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்தால் உள்ளே இறங்க நேரம் கிடைக்கும். மிளகைத் தூளாக்காமல் ஒன்றிரண்டாக உடைத்துத் தாராளமாகப் போடுங்கள். அந்தக் கரகரப்புதான் பிறகு பார்க்குக்கு உடம்பு கொடுக்கும்.

நெருப்பில்தான் உங்கள் இரண்டாவது பிரச்சினை இருந்தது. கரியைக் கூடையில் குவித்து, குறையும்போதெல்லாம் கொட்டியிருக்கிறீர்கள். அதனால் சூடு ஒரு நேரம் 95, ஒரு நேரம் 160 என்று ஆடியிருக்கிறது. கெட்டிலுக்குப் 'பாம்பு' முறைதான் சரி. கிரில்லின் உள்விளிம்பை ஒட்டி, அச்சுக் கரித்துண்டுகளை அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என்று வளைவாக அடுக்குங்கள். வட்டத்தில் முக்கால்வாசி வரட்டும். அதன்மேல் முதல் பாதியில் முஷ்டி அளவு மரத்துண்டுகள் ஐந்தாறு, இடைவெளி விட்டு வையுங்கள். எட்டுப் பத்துக் கரித்துண்டுகளைத் தனியாகப் பற்றவைத்து, சாம்பல் பூத்ததும் ஒரு முனையில் வையுங்கள். நெருப்பு ஊதுவத்தி எரிவதுபோல முனையிலிருந்து மெல்ல நகரும். நடுவில் ஓர் அலுமினியத் தட்டில் வெந்நீர், அதற்கு மேலே கம்பியில் இறைச்சி. மேல் துளையைப் பாதிக்கு மேல் திறந்து, கீழ்த் துளையால் சூட்டைக் கட்டுப்படுத்துங்கள். இப்படி எட்டு மணிநேரத்துக்கு மேல் தொடாமல் ஓடும்.

கம்பி மட்டத்தில் 107 முதல் 120 டிகிரி வரை, அதாவது அமெரிக்கத் தெர்மாமீட்டரில் 225 முதல் 250 வரை இருந்தால் போதும். மூடியில் பதித்திருக்கும் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். இறைச்சி இருக்கிற உயரத்தில் அது அளப்பதில்லை, நிறைய வித்தியாசம் காட்டும். அளக்கும் முனை இரண்டு உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒன்று கம்பி மட்டத்துக்கு, ஒன்று பிளாட்டின் தடிமனான நடுப்பகுதிக்கு.

மரம் டெக்சாஸில் போஸ்ட் ஓக். பெக்கன், ஹிக்கரியும் நல்லதுதான். மெஸ்கீட் இவ்வளவு நீண்ட சமையலுக்குக் காட்டம் அதிகம். மரத்துண்டுகளை ஊறவைக்கச் சொல்வார்கள், வேண்டாம். தண்ணீர் முழுக்க ஆவியான பிறகுதான் மரம் புகையவே ஆரம்பிக்கும், அதுவரை வருவது நீராவி. மூடித் துளையிலிருந்து வரும் புகையைக் கவனியுங்கள். கெட்டியாக, வெள்ளையாகச் சுருண்டு வந்தால் காற்றுப் போதவில்லை, இறைச்சி கசக்கும். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் மெல்லிய நீலப் புகைதான் வேண்டும். வெள்ளைப் புகை அடங்கும்வரை இறைச்சியை வைக்காதீர்கள். உங்கள் துண்டில் சிவப்பு வளையம் வரவில்லை என்றும் வருத்தப்பட்டிருந்தீர்கள். புகையிலிருக்கும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சிக்கு நிறம் தருகிற மையோகுளோபின் என்கிற புரதத்தோடு சேர்ந்து வருகிற நிறம் அது, பார்க்க அழகு. ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை வந்தது என்று கிரில்லைக் கராஜுக்குள் தள்ளியதாக எழுதியிருந்தீர்கள். கதவு திறந்திருந்தாலும் கரி நெருப்பைக் கராஜுக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வீட்டுக்குள்ளும் பரவும். மழை வந்தால் இறைச்சியைப் பொதிந்து சமையலறை ஓவனுக்கு மாற்றுங்கள்.

உண்மையில் மழை வராவிட்டாலும் உங்களுக்கு அந்த வழியைத்தான் சொல்வேன். நான்கைந்து மணிநேரத்தில் இறைச்சி ஸ்டாலுக்குள் வந்திருக்கும். அப்போது மேலோட்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மசாலா உரிந்து நகத்தில் வந்தால் இன்னும் ஆகவில்லை. ஒட்டிக்கொண்டு, கருமையாக இருந்தால் பொதியலாம். பெரும்பாலும் உள்சூடு 70, 75க்குள் இது நடக்கும். அலுமினியத் தாளில் இறுக்கிப் பொதிந்தால் ஆவி வெளியே போகவே போகாது, சீக்கிரம் ஏறும். ஆனால் பார்க் ஊறி இளகும். மெழுகு பூசாத பழுப்புக் கசாப்புத் தாள் கொஞ்சம் மூச்சுவிட விடும், பார்க்கும் பிழைக்கும், நேரமும் மிச்சம். 2009இல் ஆஸ்டினில் ஒரு டிரெய்லரில் கடை ஆரம்பித்த ஆரன் ஃபிராங்க்ளினால்தான் இந்தத் தாள் வீட்டுச் சமையல்காரர்கள் வரை பரவியது. நான் தாள்தான் பயன்படுத்துகிறேன். பொதிவதற்கு முன் எடுத்துவைத்த கொழுப்பை உருக்கித் தாளில் இரண்டு கரண்டி விடுவேன்.

பொதிந்த பிறகு புகை உள்ளே போகாது. அப்புறம் சூடு கரியிலிருந்து வந்தால் என்ன, ஓவனிலிருந்து வந்தால் என்ன? இறைச்சிக்கு இரண்டும் ஒன்றுதான். ஓவனில் 120 டிகிரி வைத்துவிட்டு நீங்கள் தூங்கலாம். கடைசிவரை கரியிலேயே செய்தால்தான் பார்பிக்யூ என்று சிலர் சொல்வார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் முதல்முறை சரியாகச் செய்ய நினைக்கிறவர் நள்ளிரவில் கரியோடு போராட வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் நெருப்பே கூடாது என்கிறவர்கள் முதலிலிருந்தே ஓவனில், கம்பித் தட்டின்மேல், இதே சூட்டில் செய்யலாம். புகை வாசம் இருக்காது. மென்மைக்குக் குறை வராது.

இப்போது முக்கியமான இடம். எப்போது ஆயிற்று என்று எப்படித் தெரியும்? 90 டிகிரி தாண்டியதும் சோதிக்க ஆரம்பியுங்கள். மெல்லிய கம்பிக் குச்சி ஒன்றை, தாளைத் துளைத்தே, பிளாட்டின் தடிமனான இடத்தில் இறக்குங்கள். 90 டிகிரி வாக்கில் குச்சி உள்ளே போகும், ஆனால் நடுவில் எதுவோ பிடித்து இழுப்பதுபோல இருக்கும். வெளியே இழுக்கும்போது இறைச்சியும் கூடவே கொஞ்சம் எழும்பும். அது இன்னும் கரையாத கொலாஜன். அரைமணி கழித்து மறுபடி பாருங்கள். ஒரு கட்டத்தில், சாதாரணமாக 93க்கும் 97க்கும் நடுவே, கனிந்த சப்போட்டாவில் இறங்குவதுபோலக் குச்சி தடையே இல்லாமல் போய்வரும். பாயின்ட்டில் அது முன்னமே நடந்திருக்கும், அதை வைத்து ஏமாற வேண்டாம். பிளாட்டில் மூன்று இடங்களில் அப்படி இருந்தால் இறக்குங்கள். 95 என்கிற எண்ணைப் பலர் மந்திரம் மாதிரி சொல்வார்கள். ஒரு மாடு மாதிரி இன்னொரு மாடு இருக்காது. எனக்கு ஒரு பிரிஸ்கெட் 92இலேயே ஆகியிருக்கிறது, இன்னொன்று 98 வரை பிடிவாதம் பிடித்திருக்கிறது. சோதிக்க ஆரம்பிக்கும் நேரத்தைச் சொல்லவே எண், முடிவு குச்சியின் கையில்.

இறக்கியதும் நறுக்காதீர்கள். இதுதான் நீங்கள் செய்த மூன்றாவது தவறு. எடுத்த உடனே சாறு தண்ணீராக இருக்கிறது, கத்தி பட்டதும் ஓடிவிடும். சூடு கொஞ்சம் தணிந்தால் கரைந்த ஜெலட்டின் அந்தச் சாற்றைக் கெட்டிப்படுத்தும், நார்களுக்கு நடுவேயே தங்கும். முதலில் தாளைப் பிரித்து அரைமணி திறந்து வையுங்கள், உள்சூடு 80க்குப் பக்கத்தில் இறங்கட்டும். இல்லாவிட்டால் பொதிக்குள்ளேயே வெந்துகொண்டே போய்க் குழைந்துவிடும். அப்புறம் மறுபடி பொதிந்து, பழைய துண்டுகளில் சுற்றி, ஐஸ் பெட்டியில், ஐஸ் இல்லாமல், வையுங்கள். பெட்டிக்குள் முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டால் வெப்பம் நிற்கும். குறைந்தது இரண்டு மணிநேரம். நான்கு மணிநேரம் இன்னும் நல்லது. பிரியாணி தம்மில் இருப்பதை யாரும் வீண் காத்திருப்பு என்று சொல்வதில்லையே, இதுவும் அப்படித்தான். பெயர்பெற்ற கடைகள் பல இரவெல்லாம் 60 டிகிரிக்கு மேல் சூட்டுப் பெட்டியில் வைத்துத்தான் விற்கின்றன. தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கட்டும், 60க்குக் கீழே இறங்க விடாதீர்கள். அதற்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி வளரும். நெருங்குகிறது என்றால் ஓவனை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து அதற்குள் மாற்றிவிடுங்கள்.

நறுக்குவதில் ஒரே சூட்சுமம். பிளாட்டிலும் பாயின்ட்டிலும் நார் ஒரே திசையில் ஓடாது. முழு பிரிஸ்கெட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மாதிரி வெட்டிக்கொண்டு போனால் பாதித் துண்டுகளில் நார் நீளவாக்கில் வரும், எவ்வளவு நன்றாக வெந்தாலும் இழுக்கும். பச்சையாக இருக்கும்போதே பிளாட்டின் மூலையில் நாருக்குக் குறுக்காகச் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், வெந்து கறுத்த பிறகு நார் தெரியாது. பிளாட்டைப் பென்சில் கனத்துக்கு நாரின் குறுக்கே நறுக்கி வாருங்கள். பாயின்ட் ஆரம்பிக்கும் இடம் வந்ததும் மீதியைக் கால்வட்டம் திருப்பி, கொஞ்சம் தடிப்பாக வெட்டுங்கள். ஒரு துண்டை எடுத்து விரல்மேல் போடுங்கள். தானே மடிந்து தொங்க வேண்டும், பிய்ந்துவிடக் கூடாது. இரு கையாலும் இழுத்தால் லேசாக நீண்டு அப்புறம் பிரிய வேண்டும். தொட்டதுமே உதிர்ந்தால் கொஞ்சம் கூடிவிட்டது, அடுத்த துண்டுகளைத் தடிப்பாக வெட்டிச் சமாளிக்கலாம். எல்லாவற்றையும் மொத்தமாக நறுக்கி வைக்க வேண்டாம், காற்றுப்பட்டால் சில நிமிடத்தில் கறுத்துக் காயும். தட்டு காலியாகக் காலியாக நறுக்குங்கள்.

உங்கள் விருந்து பிற்பகல் ஒரு மணிக்கு என்றால் முந்தைய இரவு எட்டரைக்கு இறைச்சி கிரில்லில் இருக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் பொதிந்து ஓவனில் 115, 120 டிகிரியில் வைத்துவிட்டுப் படுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து குச்சியால் சோதியுங்கள். எட்டு மணிக்குள் பெரும்பாலும் ஆகியிருக்கும். அரைமணி ஆறவிட்டு எட்டரைக்குப் பெட்டிக்குள் போனால் ஒரு மணிவரை நான்கரை மணிநேரம் கிடைக்கிறது. ஒருவேளை பிரிஸ்கெட் பிடிவாதம் பிடித்துப் பத்தரை ஆனாலும் அந்த இடைவெளி காப்பாற்றும். விருந்து நேரத்துக்குச் சரியாக முடியும்படி கணக்குப் போடுகிறவர்கள்தான் பதற்றத்தில் 74 டிகிரியில் இறக்குகிறார்கள். அளவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொழுப்பு வெட்டியது, ஆவியானது, உருகியது எல்லாம் போக வாங்கின எடையில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் தட்டுக்கு வரும். ஐந்தரை கிலோவில் மூன்று கிலோ என்று வையுங்கள், பன்னிரண்டு பேருக்குத் தாராளம்.

கடைசியாக, போனமுறை மீந்ததை ஃப்ரீசரில் வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதைத் தூக்கிப் போட வேண்டாம். அது கெட்டுப்போன கறி இல்லை, பாதி வழியில் நிறுத்திய கறி. ஃபிரிட்ஜில் வைத்துப் பனி விட்டபின் துண்டுகளை ஆழமான தட்டில் நெருக்கமாக அடுக்கி, எலும்புச் சாறோ உப்புக் குறைந்த சூப்போ அரை உயரத்துக்கு ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக்க மூடி, 135 டிகிரி ஓவனில் இரண்டு மணிநேரம் வையுங்கள். அப்புறம் தாளின் ஓரத்தைத் தூக்கி முள்கரண்டியால் ஒரு துண்டை அழுத்திப் பாருங்கள். இன்னும் எதிர்த்தால் மூடி இன்னொரு அரைமணி. நார் தானாகப் பிரிந்து வரும்போது எடுத்து, அந்தச் சாற்றோடேயே சூடாகச் சாப்பிடுங்கள்.